வன்னிச் சிறுகுளங்களும் களிமண் கட்டும் – ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் உலர்வலய வரலாற்றை எழுதியோருட் பெரும்பாலோர் பெருங்குளங்களையும் அவற்றோடு தொடர்புடைய மன்னர்களையும் முன்னிறுத்தியே எழுதியுள்ளனர். மகாசேனன் மின்னேரியாவையும், தாதுசேனன் கலாவாவியையும், முதலாம் பராக்கிரமபாகு பராக்கிரம சமுத்திரத்தையும் கட்டுவித்தனர் என்பது பள்ளிப் பாடநூல்களிலேயே நாம் படித்த செய்தியாகும். 'கட்டுவித்தனர்' என்னும் பிறவினைச் சொல் ஈண்டு நம் கருத்திற்குரியது. கட்டுவித்தவன் ஒருவன் இருந்தால் கட்டியவர் பலர் இருந்திருத்தல் வேண்டும். அந்தப் பலரைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. கட்டுவித்தோன் பெயரும் தெரியாத ஆயிரக்கணக்கான சிறுகுளங்களைப் பற்றியோ அவை இன்னும் குறைவாகவே பேசுகின்றன.

இன்றைய சட்ட நடைமுறையில் 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயல்நிலத்திற்கு நீர் பாய்ச்சும் குளங்கள் சிறுகுளங்கள் எனப்படுகின்றன. உலர்வலயத்தில் இவை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை. வவுனியா, முல்லைத்தீவு, மன்னார், கிளிநொச்சி ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தில் ஊர் என்பதும் குளம் என்பதும் ஒரே பொருளனவாய் அமைந்துள்ளன. செட்டிகுளம், புளியங்குளம், மாங்குளம், கனகராயன்குளம் என ஊருக்குப் பெயர் தந்தது குளமே. இக்குளங்கள் களிமண் சேர்ந்த நிலத்தில், களிமண்ணைக் கொண்டு, மனிதக் கைகளாலும் கால்நடைகளின் குளம்புகளாலும் ஆக்கப்பட்டவை. அவ்வாறு ஆக்கப்பட்ட கட்டு ஒருமுறை எழுப்பி விட்டுவிடக்கூடிய பொருளன்று. ஆண்டுதோறும் காக்கப்படாதவிடத்து அது மீண்டும் மண்ணோடு மண்ணாகிவிடும். எனவே சிறுகுளத்தின் வரலாறு அதனைக் காத்த உழைப்பு எவ்வாறு ஒழுங்கு செய்யப்பட்டது என்பதன் வரலாறே என்னும் கருத்தை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணின் இயல்பு

வன்னியின் பெரும்பகுதி பழைய கடும்பாறைப் படையின் மேல் அமைந்த மென்மையான அலைநிலமாகும். மேட்டுப் பகுதிகளிற் செங்கபிலநிற மண்ணும் அதன்கீழ்க் கிரவற்படையும் காணப்படுகின்றன. தாழ்வை நோக்கிச் செல்லச்செல்ல மண்ணின் நிறம் மங்கிச் சாம்பல் நிறமடைகின்றது; களியின் அளவு கூடுகின்றது; நீர் வடியும் தன்மை குறைகின்றது. மேடு, சரிவு, தாழ்வு என்னும் இம்மூன்றிற்கும் மண்ணுக்குமுள்ள தொடர்பை மண்ணியலறிஞர் பானபொக்கே தம் ஆய்வுகளில் விளக்கியுள்ளார். ஆனால் ஆய்வு நூல்கள் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே வன்னிக் கமக்காரர் இவ்வேறுபாட்டை அறிந்து நடந்துள்ளனர். மேட்டிற் சேனையும், தாழ்வில் வயலும், இரண்டிற்கும் இடையே நீர் தேங்கக்கூடிய இடத்திற் குளமுமாக அவர்கள் நிலத்தை வகுத்துக்கொண்டமையே இதற்குச் சான்றாகும்.

இந்நிலத்திற்குக் குளம் ஏன் இன்றியமையாததாயிற்று? வடகீழ்ப் பருவக்காற்று மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான சில மாதங்களுக்குள் பெய்து ஓய்ந்துவிடுகின்றது. அதன்பின் நீண்ட வறட்சி. கீழுள்ள கடும்பாறை நிலத்தடி நீரைப் பெருமளவு சேமித்துத் தருவதில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் கிணறு வெட்டி வாழ்ந்ததுபோல வன்னியில் வாழ முடியாமைக்கு இதுவே காரணம். விழுந்த மழையை நிலத்தின் மேலேயே மறித்து வைத்தல் வேண்டும். அவ்வாறு மறிப்பதற்குத் தாழ்விலுள்ள களிமண் துணை செய்தது.

களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீற்றரிலும் சிறியது. இத்துகள்கள் ஈரத்துடன் நெருங்கி அமையும்போது அவற்றிடையே நீர் செல்வது மிக அரிதாகின்றது. எனினும் களி கூடக்கூடக் கட்டு உறுதியாகும் என எண்ணுதல் தவறு. மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதி மண் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கிறுமுசோல் என மண்ணியலாளர் குறிப்பிடும் இக்கருங்களி மழையில் வீங்கிப் பசையாகி, கோடையிற் சுருங்கி ஆழமாக வெடிக்கும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை இயங்கிய காலத்தில் அதற்கு வேண்டிய களிமண் முருங்கனிலிருந்தே கொண்டு செல்லப்பட்டது. அத்துணைக் களி வளம் வாய்ந்த மண் நெற்செய்கைக்கு உகந்தது. ஆயின் அதனை மட்டுமே கொண்டு எழுப்பிய கட்டு முதற்கோடையிலேயே பிளவு காணும். அடுத்த மழையின் முதல்வெள்ளம் அப்பிளவுகளூடே வழிதேடும். மணலும் கிரவலும் அளவோடு கலந்த களியே கட்டுக்கு ஏற்றது. ஐந்திலொரு பங்கேனும் களி இருத்தல் வேண்டும், மிகுந்துவிடவும் ஆகாது. ஈரமண்ணைக் கையிற் பிடித்து உருட்டி, உருண்டை உதிராது நிற்கின்றதா, திரியாக நீட்டும்போது அறாது நீள்கின்றதா என்று பார்ப்பதே கமக்காரர்க்குக் கைவந்த சோதனையாகும். கருவிகள் மலிந்த இக்காலத்திலும் வயலில் நின்று மண்ணை அறிவதற்கு இதனிலும் எளிய வழி இல்லை.

கட்டும் முறை

கட்டு எழுப்பும் வேலை, மேல்மண்ணை நீக்குவதிலிருந்து தொடங்குகின்றது. வேரும் சருகும் கலந்த மேல்மண்ணின் மீது கட்டை எழுப்பினால் அவை உக்கியபின் நீர் கசிவதற்கு வழியாகும். எனவே புல்லையும் வேரையும் முற்றாகக் களைந்து, கட்டின் நடுவாக நீளத்திற்கு ஒரு கிடங்கு வெட்டி, அடியிலுள்ள இறுகிய களியைத் தொடும்வரை தோண்டி, அக்கிடங்கை நல்ல களியால் நிரப்பி இறுக்குவர். கட்டு நிலத்தின் மேல் வைக்கப்பட்ட மண்மேடாக இல்லாமல், நிலத்தினுள் வேர்விட்ட ஒன்றாக அமைவது இவ்வாறே. அதன்பின் மண் படைபடையாகப் போடப்படும். ஒரே நாளிற் குவித்துவிடுதல் ஆகாது. ஒவ்வொரு படையும் அரையடியளவு கனத்திற் பரப்பப்பட்டு, கட்டி உடைக்கப்பட்டு, மாடுகளையும் எருமைகளையும் நடத்தி மிதிக்கச் செய்தபின்னரே அடுத்த படை போடப்படும்.

மண்ணின் ஈரமே இவ்வேலையின் உயிர்நிலையாகும். வரண்ட களி கட்டிகளாக நின்று இடையிடையே வெற்றிடம் விடும். மிக நனைந்த களி சேறாகி மிதிபட்ட இடத்தைவிட்டு வழுகும். இரண்டிற்கும் நடுவே, மண் இறுகுவதற்கு மிக ஏற்றதான ஓர் ஈரநிலை உண்டு. அமெரிக்கப் பொறியியலாளர் புறொக்ரர் 1933இல் இவ்வீரநிலையை அளந்தறியும் முறையை வகுத்தளித்தார். மழை தொடங்குவதற்கு முன்னும், நிலம் முற்றாகக் காய்ந்துவிடாத வேளையிலும் மண்வேலை செய்த வழக்கத்தில் அவ்வறிவு ஏட்டில் ஏறாத வடிவில் இருந்தது எனலாம்.

மிதித்து இறுக்கும் கலை இத்தீவில் மிகப் பழமையானது என்பதற்கு இலக்கியச் சான்றும் உண்டு. கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்ட மகாவம்சம், துட்டகைமுனு மகாதூபிக்கு அத்திவாரமிட்டதை விரிவாகக் கூறுகின்றது. உடைத்த கற்களைப் பரப்பி, தோலாற் கால் கட்டப்பட்ட யானைகளைக் கொண்டு மிதிப்பித்து, அதன்மேல் மென்களியைப் பரப்பினர் என்பது அதன் செய்தி. தூபியின் அத்திவாரத்திற்கு யானை. ஊர்க்குளத்தின் கட்டுக்கு எருமை. மிதிக்கும் விலங்கு வேறாயினும் அடிப்படை ஒன்றே.

கட்டின் உட்சரிவு வெளிச்சரிவைக் காட்டிலும் சாய்வாக விடப்படும். உட்புறத்தில் அலை அரிக்காதிருக்கக் கல் அடுக்குவர். மிகைநீர் கட்டின்மேல் ஏறாது வெளியேறுவதற்கு ஒரு பக்கத்தில் வான் அமைப்பர். வான் பாய்வதைக் காண ஊரே திரள்வது மகிழ்ச்சிக்காக மாத்திரமன்று; கட்டின்மேல் நீர் ஏறவில்லை என்னும் நிம்மதிக்காகவுமாகும். களிக்கட்டின்மேல் ஒருமுறை நீர் ஏறிப் பாய்ந்துவிட்டாற் சில நாழிகைக்குள் கட்டு அறுந்துவிடும்.

வயலுக்கு நீர் விடும் துருசு, கட்டின் மிக நலிந்த இடமாகும். கல்லும் களியும் சந்திக்கும் இடத்தில் நீர் ஊர்ந்து செல்ல எளிதில் வழி கிடைக்கின்றது. பெருங்குளங்களில் நீரின் விசையை அடக்குவதற்குக் கல்லாலான துருசுக் கிணறுகள் இருந்தமையை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் ஆராய்ந்து, 1909இல் வெளிவந்த தமது நூலில் வியந்து எழுதியுள்ளார். சிறுகுளங்களில் அத்தகைய வேலைப்பாடு இல்லை. சுட்ட மண்குழாய்களைக் கொண்ட எளிய துருசுகள் சில இடங்களில் இருந்தன. வேறு சில இடங்களில் ஆண்டுதோறும் கட்டை வெட்டி நீர் விட்டுப் பின் மூடும் வழக்கமும் இருந்தது. வெட்டி மூடிய இடம் பழைய கட்டோடு முழுதாக ஒட்டுவதில்லையாதலால், அவ்வழக்கம் கட்டை நாளடைவில் நலிவித்தது.

கட்டைக் காத்தல்

இவ்வாறு எழுப்பப்பட்ட கட்டுக்குப் பகை பல. எலி வளை தோண்டும். கறையான் உள்ளே குடைந்து புற்றெடுக்கும். கட்டின்மேல் முளைத்த மரம் உயிரோடுள்ளவரை மண்ணைப் பிடித்து நிற்பதுபோலத் தோன்றினும், அது பட்டபின் வேர் உக்கி நீருக்குச் சுரங்கம் அமைக்கும். மாடுகள் ஏறியிறங்கும் தடத்தில் மழைநீர் ஓடிக் குழி பறிக்கும். கோடையில் வெடிப்பும் மாரியில் அரிப்புமாகக் கட்டின் உயரம் ஆண்டுக்காண்டு குறையும். மேட்டிலிருந்து வரும் வண்டல் குளத்தின் அடியை உயர்த்தும். கட்டுத் தாழ, அடி உயர, குளம் கொள்ளும் நீர் இருபுறத்தாலும் குறைகின்றது.

ஆகவே மாரிக்கு முன் ஊர் முழுவதும் கட்டுக்கு வருதல் வேண்டும். பற்றை வெட்டுதல், வளை அடைத்தல், புற்றை அடியோடு அகழ்ந்து களியிட்டு இறுக்குதல், தாழ்ந்த இடத்தை உயர்த்துதல், வாய்க்கால் துப்புரவாக்குதல் ஆகியன இவ்வேலைகளாகும். இவ்வுழைப்பைப் பகிர்வதற்குத் திட்டமான முறை ஒன்றிருந்தது. குளத்தின்கீழ் ஒருவருக்குள்ள வயலின் அளவுக்கு ஏற்பக் கட்டின் ஒரு பகுதி அவர் பொறுப்பாகும். பத்து ஏக்கர் உடையவரின் பகுதி ஐந்து ஏக்கர் உடையவரின் பகுதியைப் போல் இருமடங்கு நீளமுடையது. நீரிற் பங்கு எவ்வளவோ மண்வேலையிற் பங்கும் அவ்வளவே. தன் பகுதியைச் செய்யாதவரின் வயலுக்கு நீர் மறுக்கப்படலாம். வட்டவிதானை இவ்வொழுங்கை நடத்தினார். அதற்கு ஈடாக விளைவிலிருந்து அவருக்கு ஒரு பங்கு கிடைத்தது. கடுமழை நாட்களில் இரவிற் கட்டைக் காவல் காப்பதும் முறைவைத்தே நடைபெற்றது.

சமயமும் இவ்வுழைப்போடு பிணைந்திருந்தது. வன்னிக் குளக்கட்டுகளிற் பிள்ளையாரும் ஐயனாரும் வீற்றிருப்பதை இன்றும் காணலாம். எல்லைக்கு அப்பால் நுவரகலாவியவின் சிங்களக் கிராமங்களிலும் அதே ஐயனார், 'அய்யநாயக்க' என்னும் பெயரிற் குளங்காக்கும் தெய்வமாக வழிபடப்படுகின்றார். மொழியும் மதமும் வேறுபட்ட இரு மக்கட்கூட்டத்தினர், ஒரே மண்ணில் ஒரே அச்சத்தோடு ஒரே தெய்வத்தை அழைத்தமை குறிப்பிடத்தக்கது. மண்ணின் இயல்பு வகுத்த வாழ்க்கை, இனவெல்லையைக் கடந்து நின்றமைக்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

இவ்வொழுங்கைப் பொற்காலமாகப் புனைதல் நமக்குத் தகாது. பங்கு என்பது நிலமுடையோர்க்கே உரியது. நிலமற்றோரும் சாதிப்படியிற் கீழே வைக்கப்பட்டோரும் பிறருடைய பங்கிற்காக மண் சுமந்தனர். பங்குக்குரியவரின் உரிமை ஊர் வழக்கிலேனும் நிலைத்தது. சுமந்தவரின் பெயரோ எதிலும் நிலைக்கவில்லை.

அரசனா, ஊரா?

இக்குளங்களை ஆக்கிய ஆற்றல் எங்கிருந்து வந்தது என்னும் வினா வரலாற்றாசிரியரிடையே நெடிய விவாதத்தை எழுப்பியுள்ளது. கார்ள் விற்போகல் 1957இல் வெளியிட்ட கீழைத்தேய வல்லாட்சி பற்றிய நூலில், பெரும் நீர்ப்பாசனம் மையப்படுத்தப்பட்ட வல்லாட்சியைத் தோற்றுவிக்கும் என வாதிட்டார். 1954இல் நுவரகலாவியவிலுள்ள புல்எலிய என்னும் கிராமத்தில் ஆய்வு நடத்திய மானிடவியலாளர் எட்மன்ட் லீச், இலங்கையை இவ்வாய்பாட்டுள் அடக்க முடியாதென 1959இல் மறுத்தார். பெருங்குளங்கள் அரசரின் ஆணையால் எழுந்தவையாயினும், ஊர்க்குளங்கள் ஊரவராலேயே பேணப்பட்டவை. மைய அரசு சிதைந்த காலத்திலும் அவை வாழ்ந்தன என்பது அவர் வாதத்தின் சாரமாகும். 1971இல் லெஸ்லி குணவர்த்தன இவ்விவாதத்தை மேலும் முன்னெடுத்து, நீர்ப்பாசனத்தின் மீதான ஆதிக்கம் அரசனிடம் மாத்திரமன்றி விகாரைகளிடமும் உள்ளூர் உயர்குடியினரிடமும் பகிர்ந்து கிடந்தமையைக் கல்வெட்டுக்களின் துணைகொண்டு விளக்கினார்.

பிராமிக் கல்வெட்டுக்கள் இவ்விருவரின் கருத்துக்கும் வலுவூட்டுகின்றன. பரணவிதான 1970இல் வெளியிட்ட முற்காலக் கல்வெட்டுத் தொகுதியில் 'வாபிகாமிக' என்னும் பட்டம் காணப்படுகின்றது. குளத்திற்கு உரியவர் என்பது இதன் பொருள். கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே குளம் தனியார் உடைமையாக இருந்தது என்பதை இது காட்டுகின்றது. வவுனியாப் பகுதியிலுள்ள தோணிகலவின் கி.பி. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வணிக கணமொன்றிடம் நெல்லும் பயறு வகைகளும் வைப்பிலிடப்பட்டு, அவற்றின் வட்டியிலிருந்து பிக்குகளுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்யப்பட்டமையைக் கூறுகின்றது. மூன்று அறுவடைகளை அது பிரித்துப் பெயர் சுட்டுகின்றது. மழையை மட்டும் நம்பிய நிலத்தில் இத்தகைய வைப்பும் வட்டியும் நிலைத்திருத்தல் அரிது. நீரைத் தேக்கிக் காத்த ஊர்கள் அப்பகுதியில் அன்று செழித்திருந்தன என நாம் ஊகிக்கலாம்.

கல்வெட்டில்லாத இடங்களில் இடப்பெயரே ஆவணமாகின்றது. மடு என்பது இயற்கையான ஆழ்நீர்நிலை; மோட்டை என்பது சிறு நீர்த்தேக்கம்; குளம் என்பது கட்டி ஆக்கியது. முத்தையன்கட்டு, உடையார்கட்டு என்னும் பெயர்களிற் கட்டே ஊருக்குப் பெயராயிற்று. முறிப்பு என வழங்கும் இடங்களும் வன்னியில் உள. முறிப்பு என்பது உடைப்பு. கட்டுவதும் உடைவதுமாக இவ்வூர்கள் கண்ட வாழ்வு இவ்விரு சொற்களுள் அடங்கிக் கிடக்கின்றது.

1832உம் அதன் பின்னும்

பிரித்தானிய ஆட்சியில் கோல்புறூக் – கமறன் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பினின்று மக்களை விடுவித்த இச்செயல் அறநோக்கில் வரவேற்கத்தக்கதே. இராசகாரியத்தின் பெயரால் ஆங்கிலேயர் மக்களைப் பாதை வெட்டவும் சுமை தூக்கவும் இழுத்துச் சென்றமையை நாம் மறந்துவிடலாகாது. ஆயின் அக்கடப்பாட்டோடு பின்னிக் கிடந்த ஊர்ப்பொது வேலையையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் சட்டத்தில் எவருக்கும் இல்லாமற் போயிற்று. தன் பங்கைச் செய்யாத ஒருவனை ஊர் கேட்க முடியவில்லை. ஒருவன் செய்யாது விட்ட பத்து முழம் கட்டு, ஏனையோர் செய்த நூறு முழத்தையும் பயனற்றதாக்கும். களிக்கட்டு மிக நலிந்த இடத்தின் அளவுக்கே வலிமையுடையது.

குளங்களின் அழிவு முழுவதையும் 1832இன் மீது சுமத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 13ஆம் நூற்றாண்டிலிருந்தே அநுராதபுர, பொலன்னறுவை நாகரிகப் பரப்புச் சிதைந்து காடாகி வந்தது. காய்ச்சலும் குடிப்பெயர்வும் வன்னியை மெலிவித்திருந்தன. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூல், காட்டுக்குள் சிதறிக்கிடந்த சிற்றூர்களின் வறிய நிலையை நமக்குக் காட்டுகின்றது. எனினும் எஞ்சியிருந்த குளங்களும் பேணுவாரற்றுப் போனமைக்கு ஒழுங்கமைப்பின் முறிவு முதன்மையான காரணங்களுள் ஒன்றென அக்காலத்து அதிகாரிகளே உணர்ந்தனர் என்பதை அடுத்து வந்த சட்டம் உணர்த்துகின்றது.

ஆளுநர் ஹென்றி வாட்டின் காலத்தில், 1856இல், 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. நெற்காணிகளின் நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்கங்களைப் புதுப்பித்து நடைமுறைப்படுத்துதல் அதன் நோக்கமென அதன் தலைப்பே கூறிற்று. கால் நூற்றாண்டுக்கு முன் கைவிடப்பட்டதன் ஒரு கூற்றை அரசே மீண்டும் தேடிச் சென்றது. 1872 முதல் 1877 வரை ஆளுநராயிருந்த கிறெகறியின் காலத்தில், ஊரவர் கட்டின் மண்வேலையை நிறைவேற்றினால் அரசு துருசை அளிக்கும் என்னும் ஏற்பாடு மேற்கொள்ளப்பட்டது. களி ஊரின் கையிலும், கல் அரசின் கையிலும் என்னும் இப்பகிர்வு, சிறுகுளத்தின் இயல்பைப் புரிந்துகொண்ட ஒன்றாகத் தோன்றுகின்றது. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியே நிறுவப்பட்டபின் அரசின் கவனம் பெருங்குளங்களின் பக்கம் மேலும் திரும்பியது.

சுதந்திரத்தின் பின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வந்தது. அமைச்சர் பிலிப் குணவர்த்தன கொணர்ந்த இச்சட்டம், குத்தகைக் கமக்காரனுக்குப் பாதுகாப்பளித்த முற்போக்கான சட்டமாகும். வட்டவிதானையின் இடத்தில் அது பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. நிலவுடைமையோடு பிணைந்த பழைய தலைமையை அகற்றி, உழுவோரின் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தது நியாயமானதே. ஆயினும் கட்டைச் செப்பனிடுமாறு ஆணையிடுவதற்குப் பழைய அலுவலரிடமிருந்த நடைமுறை வலிமை புதிய குழுக்களுக்கு உடனே வாய்க்கவில்லை. 1979ஆம் ஆண்டுக் கமநல சேவைகள் சட்டமும், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் இதே வினாவிற்கு மீண்டும் மீண்டும் விடைகாண முயன்றவையே. கமக்காரர் அமைப்புக்கள் இன்று அப்பொறுப்பை ஏற்றுள்ளன.

1832இலும் 1958இலும் ஒரே சிக்கல் தோன்றியமை சிந்திக்கத்தக்கது. இரு வேளையிலும் அநீதியான ஒன்று நீக்கப்பட்டது. இரு வேளையிலும் அவ்வநீதியின் உள்ளே பொதிந்திருந்த பொதுக்கடமைக்கு மாற்று வழி உரிய காலத்தில் அமையவில்லை. நீக்கியமை பிழையன்று, நீக்கிய இடத்தை வெறுமையாக விட்டமையே பிழை.

உடைப்பின் பாடம்

கட்டுக் காக்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதைப் பெருங்குளமொன்றே நமக்குக் கண்கூடாகக் காட்டியது. 1986 ஏப்ரல் 20ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெருவெள்ள காலமன்று அது. நீர் நிறைந்த கட்டினுள்ளே ஊடுருவிய கசிவு ஒருவர் கண்ணுக்கும் படாது வழி அமைத்துக்கொள்ள வல்லது என்பதற்கு அந்நாள் சாட்சியாயிற்று.

வன்னியின் சிறுகுளங்களோ வேறொரு வகையிற் கைவிடப்பட்டன. போர்க்காலத்தில் ஊர்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியின் பெரும்பகுதி மக்களின்றிக் கிடந்தது. அவ்வாண்டுகளில் எலிக்கும் கறையானுக்கும் காட்டுமரத்துக்கும் இடையூறு செய்வார் இல்லை. குண்டு வீழ்ந்து உடைந்த கட்டுக்கள் ஒருபுறமிருக்க, மாரிக்கு முன் மண்வெட்டியோடு வர ஆளில்லாமையால் தாமாகவே அழிந்த கட்டுக்களும் உள. போர் ஓய்ந்தபின் மீள்குடியேறிய மக்கள் முதலில் தேடியவற்றுட் குளமும் ஒன்று. பல குளங்கள் அரசினாலும் உதவி நிறுவனங்களாலும் திருத்தப்பட்டுள்ளன.

ஆயின் திருத்தும் முறை பற்றிச் சில சொல்லவேண்டியுள்ளது. பாரவூர்தியும் மண்வாரி இயந்திரமும் சில நாட்களுக்குள் கட்டை உயர்த்திவிடுகின்றன. மண்ணின் ஈரமும் படையின் கனமும் கவனிக்கப்படுமானால் இயந்திரம் எருமையிலும் சிறப்பாக இறுக்கும். கவனிக்கப்படாவிடின் உயரமான கட்டுத் தளர்ந்த கட்டாகவே நிற்கும். நீர் கூடுதலாகத் தேங்கும் என்னும் எண்ணத்தில் குளத்தின் அடியை ஆழமாகத் தோண்டுவது இன்னொரு தவறு. பல ஆண்டுகளாகப் படிந்து இறுகிய களிப்படை வெட்டப்பட்டால் நீர் கீழிறங்கிப் போகும். துருசின் மட்டத்திற்குக் கீழே தேங்கும் நீர் வயலுக்கு ஏறுவதுமில்லை. கட்டின் அடியிலேயே மண் எடுத்தாற் கட்டே சரியும்.

மேலும் ஒரு குளம் தனித்து நிற்பதில்லை. மேற்குளத்தின் வான் நீரும் வயலின் கழிவுநீரும் கீழ்க்குளத்தை அடைகின்றன. இத்தொடர்களைப் புவியியலாளர் மத்தும பண்டார 1985இல் ஓர் ஒருங்கிணைந்த முறைமையாக விளக்கினார். 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இலங்கை உலர்வலயத்தின் தொடர்குள – கிராம முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. மேற்குளம் உடைந்தாற் கீழ்க்குளமும் ஆபத்துக்குள்ளாகும். எனவே கட்டைக் காக்கும் கடமை ஓரூரின் எல்லையோடு நிற்பதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, களிமண் நீரைத் தாங்குவது அதன் இயல்பால் மட்டுமன்று; ஏற்ற கலப்பும், ஏற்ற ஈரமும், இடையறாத காப்பும் சேர்ந்தவிடத்தே அது தாங்குகின்றது. இரண்டாவது, அக்காப்பை அரசாணை ஒன்றினால் மாத்திரம் பெற்றுவிட முடியாது. நீரிற் பங்கும் வேலையிற் பங்கும் ஒன்றோடொன்று பிணைந்திருந்த ஊரொழுங்கே நூற்றாண்டுகளாக அதனைச் சாத்தியமாக்கியது. மூன்றாவது, அவ்வொழுங்கு சமத்துவமான ஒன்றாக இருந்ததில்லை. ஆகையால் அதனை அப்படியே மீட்டெடுப்பதும் நம் குறிக்கோளாக இருக்க முடியாது. எவர் உழைத்தார்களோ அவர்களுக்கும் நீரில் உரிமையுள்ள புதிய ஒழுங்கையே இன்றைய தலைமுறை உருவாக்க வேண்டும்.

வரலாற்று மாணவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பெருங்குளங்களுக்குக் கல்வெட்டும் காவியமும் துணை நிற்கின்றன. சிறுகுளங்களுக்கு இருப்பவை முதியோரின் நினைவும், கட்டு வேலைக்குரிய வழக்குச் சொற்களும், இடப்பெயர்களுமே. இடப்பெயர்வு இவற்றிற் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டது. எந்தக் குளத்தில் எந்த வளவினர்க்கு எத்தனை முழம் கட்டுப் பொறுப்பாயிருந்தது, உடைப்பு நேர்ந்த ஆண்டுகள் எவை, கூலிக்கு மண் சுமந்தோர் யாவர் என்பனவற்றைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தத்தம் ஊர்க்குளம் ஒன்றின் வரலாற்றையேனும் கேட்டெழுதி வருவாராயின், கட்டுவித்தோரின் வரலாற்றோடு கட்டியோரின் வரலாறும் நம் நூலகங்களில் இடம்பெறும்.